ஆட்டுக்கு எந்தக் கால் நொண்டி

— ஆட்டுக்கு எந்தக் கால் நொண்டி, ஹெல்வியம்மா?

— பின்னங்கால். இடது பக்கம். ஏன் யோன்னா, வாசல்லயே நின்னுட்டுக் கேக்கிற? உள்ள வா. பூட்ஸைக் கழட்டு. காப்பி இப்பத்தான் இறக்கினேன்.

— காப்பி வேணாம்.

— வேணாமா? உடம்பு சரியில்லையா கண்ணு?

— உடம்புக்கு ஒண்ணுமில்ல. இடது பின்னங்கால்னு உங்களுக்கு நல்லாத் தெரியுமா?

— தெரியாம என்ன. பென்ட்டின்னு ஒரு தபால்காரர். பனிக்காத்துல வண்டி ஓட்டிட்டுப் போறார். நடு ரோட்டுல ஒரு ஆடு நிக்குது, நொண்டி ஆடு. பாவம்னு தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு, ஒவ்வொரு பண்ணை வீடா நின்னு உங்க ஆடான்னு கேக்கிறார். கடைசி வீட்டுல ஒரு விதவை, என்னுதுதான்னு வாங்கிக்கிட்டு ஒரு பாலாடைக்கட்டியைக் குடுத்து அனுப்புறா. திரும்பிப் பாத்தா வண்டியில கடிதம் ஒண்ணையும் காணோம். ஆடு தின்னுடுச்சு. பாரேன், ஒரு வார்த்தை விடலை. பனி விழ ஆரம்பிச்சப்போ நீ சொன்ன கதை, பனி உருகியும் மறக்கலை.

— நான் சொன்ன கதையில ஆடு நொண்டவே இல்ல.

— அப்படியா?

— காலைப் பத்திப் பேச்சே கிடையாது அதுல.

— வயசாச்சு பாரு. ஒண்ணு ரெண்டு கூடக் குறைய வரத்தான் செய்யும்.

— உங்க ஒருத்தருக்கு மட்டும் வந்திருந்தா நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். நேத்து உக்காந்து எல்லாப் பதிவையும் திரும்பப் போட்டுக் கேட்டேன். உங்க பாட்டுக் குழு ஊர்போ சொன்னதுல ஆடு நொண்டுது. கெர்த்து சொன்னதுல நொண்டுது. சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறாரே, அவர் சொன்னதுலயும் நொண்டுது. இந்த கைஸ்லா ஊர்ல நான் பரீட்சை வச்ச அத்தனை பேருக்கும் ஒரே ஆடு, ஒரே நொண்டி. ஏரிக்கு அக்கரையில ஒருத்தருக்குக்கூட நொண்டலை. நான்தான் தப்பா வாசிச்சுட்டேனோன்னு பயந்துபோய் என் குரலையே ஓடவிட்டுக் கேட்டேன். இல்ல. ஆடு நாலு கால்லயும் நல்லாத்தான் நிக்குது.

— உக்காரு கண்ணு.

— சொல்லுங்க. யார் சொல்லிக் குடுத்தா?

— முதல்ல காப்பியைக் குடி. வெறும் வயித்துல கோவப்பட்டா தலை சுத்தும். ஏலக்காய் பன் சூடா இருக்கு.

— ஹெல்வியம்மா.

— சரி, சரி. கெர்த்துதான். உன்கிட்ட முதல்ல பரீட்சை எழுதினவ அவதானே. மறுநாள் பாட்டுப் பயிற்சிக்கு வந்தா. என்னடி கேட்டாங்கன்னு எல்லாரும் சூழ்ந்துக்கிட்டோம். கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னா, நாற்காலியில உக்காந்து உக்காந்து எழுந்திருக்கச் சொன்னா, அப்புறம் ஒரு கதை சொல்லி, அரை மணி கழிச்சு அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னான்னா. என்ன கதைன்னு கேட்டோம். சொன்னா.

— நொண்டி ஆடுன்னு சொன்னாங்களா?

— அவ ஆடு வளக்கிறவ. நல்லா இருக்கிற ஆடு எதுக்கு நடு ரோட்டுல நிக்கப்போவுது, ஓடிடாதான்னு அவளுக்குத் தோணியிருக்கு. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நாங்களும் ஏத்துக்கிட்டோம்.

— எல்லாருமா உக்காந்து மனப்பாடம் பண்ணீங்க.

— மனப்பாடம்னா... பயிற்சி முடிஞ்சு சர்ச் மண்டபத்துல பெஞ்சை ஒதுக்கிட்டு, ஆளுக்கு ஒரு வாட்டி சொல்லுவோம். ஊர்போ கையை ஆட்டி ஆட்டித் தாளம் போடுவான். யாராவது பாலாடைக்கட்டியை விட்டுட்டா மறுபடி முதல்லேர்ந்து. சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு. இந்தப் பனிக்காலம் போனதே தெரியலை.

— எனக்குத் தெரியுது. திங்கக்கிழமை நான் பல்கலைக்கழகத்துல எங்க துறையில எல்லார் முன்னாடியும் நின்னு என் ஆய்வேட்டைப் பத்திப் பேசணும். என்ன பேசப்போறேன்னு தெரியுமா? சேர்ந்து பாடுற வயசானவங்களுக்கு ஞாபகம் அப்படியே நிக்குது, அரை மணி கழிச்சும் ஒரு சொட்டு சிந்தலைன்னு. எங்க பேராசிரியை இந்த எண்ணையெல்லாம் பாத்துட்டு ரெண்டு நாள் தூங்கலையாம். அதாவது சந்தோஷத்துல. பிஎச்டிக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கு, அது உனக்குத்தான் யோன்னான்னு சொல்லிட்டாங்க.

— நல்லதுதானே கண்ணு.

— என்ன நல்லது? கைஸ்லாவை எடுத்துட்டா என்கிட்ட மிச்சம் ஒண்ணுமில்ல. பாட்டே இல்லாத அக்கரை ஊரை மட்டும் வச்சுக்கிட்டு யாரோட ஒப்பிடுவேன்? எம்.ஏ.யே இந்த வருஷம் முடியாது. அந்த இடம் வேற யாருக்காவது போயிடும். எனக்கு நாப்பத்து மூணு வயசு. எத்தனை தடவை முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறது? வர்ற வழியில வண்டியை ஓரமா நிறுத்திட்டு அழுதேன்.

— ஐயோ. இப்படி ஆகும்னு நாங்க நினைக்கவே இல்ல.

— பின்ன என்னதான் நினைச்சீங்க?

— உனக்கு நல்லது பண்றதா நினைச்சோம். பாரேன், நீதானே முதல் நாள் இதே மேசையில உக்காந்து சொன்னே? பாடுறவங்களுக்கு ஞாபகம் நல்லா இருக்கும்னு நான் நம்புறேன், அது நிஜமா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு. எங்களுக்கும் அது நல்லா இருந்துச்சு. வந்த பொண்ணை வெறுங்கையோட எப்படி அனுப்புறது?

— நான் சொன்னேனா அப்படி?

— சொன்னே. மூணாவது பன்னை எடுத்துக்கிட்டே சொன்னே.

— கடவுளே. முதல் பாடமே அதுதான். என்ன எதிர்பாக்கிறேன்னு பரீட்சை எழுதுறவங்ககிட்ட வாயைத் திறக்கக் கூடாது.

— விடு. காப்பி நல்லா இருந்தா யாருக்கும் வாய் திறக்கும்.

— இல்ல ஹெல்வியம்மா, இது மட்டும் காரணம்னா ஒரு வாரத்துல அலுத்துப்போயிருக்கும். பனிக்காலம் முழுக்க ஒரு ஊரே உக்காந்து ஒரு ஆட்டுக் கதையை உருப்போடுமா? வேற ஏதோ இருக்கு.

— அந்தக் கதவைச் சாத்து.

— யாரும் இல்லையே.

— எங்க கிழவன் கரையில சவ்னாவுக்கு, நீராவிக் குளியலுக்கு விறகு போட்டுட்டு இருக்கான். சனிக்கிழமையாச்சே. காத்து இந்தப் பக்கம் அடிச்சா அவனுக்குக் கேக்கும்.

— ஓயிவா பெரியவருக்காகவா இதெல்லாம்?

— அவனுக்கு மறதி வந்துடுச்சு யோன்னா. இலையுதிர் காலத்துல ஆரம்பிச்சுது. ஒரு நாள் காப்பியில உப்பைப் போட்டான். மறுநாள் கண்ணாடியை ரொட்டி டப்பாவுல வச்சுட்டு வீடெல்லாம் தேடினான். இப்போ தினம் ஒண்ணு. நீ பரீட்சைன்னு வந்ததும் எனக்குப் பயம் வந்துடுச்சு. இவன் தப்புத் தப்பாச் சொன்னா சுகாதார நிலையத்துக்குச் சொல்லிடுவே, அவங்க கார் லைசென்ஸைப் புடுங்கிடுவாங்க. இங்க பஸ் பள்ளிக்கூட நாள்ல மட்டும்தான் வருது. கார் இல்லேன்னா டவுன்ல எங்கயாவது முதியோர் குடியிருப்புல ஒரு அறை. அங்க ஏரியும் இல்ல, பாட்டும் இல்ல.

— முடிவை யாருக்கும் சொல்ல மாட்டேன், பேர்கூட இருக்காதுன்னு அத்தனை தடவை சொன்னேனே.

— சொன்னே. வரி ஆபீஸ்காரனும் அப்படித்தான் சொல்லுவான்.

— அதனால ஊர் முழுக்க...

— அவனை மட்டும் உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தா அவன் மானம் போயிடும் இல்லையா? எல்லாரும் சேர்ந்து படிச்சா அது விளையாட்டு. கெர்த்து சொன்ன யோசனை அது. நல்ல மனசுக்காரி, ஆட்டு விஷயத்துல மட்டும் கொஞ்சம் கூடுதலாப் பேசிடுவா.

— உங்க மேல கோவப்படவும் முடியலை, படாம இருக்கவும் முடியலை.

— பட்டுக்கோ. ஆனா திங்கக்கிழமை சொல்லாதே. ஆடு நொண்டினா என்ன, நொண்டாட்டி என்ன. யார் போய் எண்ணிப் பாக்கப் போறா?

— நான் எண்ணிப் பாத்துட்டேனே. பொய்னு தெரிஞ்சதை வச்சு, வயசானவங்க எல்லாரும் பாட்டு வகுப்புக்குப் போங்கன்னு சொல்ல முடியாது. நம்பிப் போவாங்க. இருபது வருஷம் மருந்துக்கடையில நின்னவ நான். வேலை செய்யாத மருந்தை வித்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

— அப்போ என்னதான் பண்ணப்போறே?

— அதைத்தான் யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஆனா இப்போ அதைவிட வேற ஒண்ணு மனசுல ஓடுது. பெரியவருக்கு நிஜமாவே மறதின்னா ஒளிச்சு வைக்கிறது உதவி இல்ல ஹெல்வியம்மா. டவுன்ல ஞாபக மருத்துவர் இருக்காங்க. சீக்கிரமாப் போனா செய்ய எவ்வளவோ இருக்கு. நான் இப்போ ஒரு புதுக் கதை சொல்றேன். ஆய்வுக்கு இல்ல. நமக்காக.

— சத்தம் போடாதே, வர்றான்.

— ஹெல்வி, நெருப்புப் பெட்டியை எங்க வச்சேன்? அட, யாரு இது? வரி ஆபீஸ் பொண்ணா?

— மருந்துக்கடைப் பொண்ணு, ஓயிவா. யோன்னா. கிழட்டுப் படிப்பு படிக்கிறாளே.

— முதுமையியல், ஹெல்வியம்மா.

— அதைத்தான் சொன்னேன்.

— ஓ, யோன்னா. வாம்மா. என்னத்தச் சொல்ல, தலை ஓட்டைப் பானையாயிடுச்சு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?

— சனிக்கிழமை. சவ்னா மூட்டிக்கிட்டு இருக்கே. நெருப்புப் பெட்டி உன் சட்டைப் பையில இருக்கு, அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். பாத்தியா யோன்னா? குழந்தை மாதிரி ஆயிட்டான். இரு, குல்லாயைத் திருப்பிப் போட்டிருக்கே.

— நீ இல்லேன்னா நான் எங்க போயிருப்பேன்.

— ஏரிக்குள்ள போயிருப்பே. உக்காரு. யோன்னா ஒரு கதை சொல்லப்போறா.

— ஆட்டுக் கதையா? அது தெரியுமே. நொண்டி ஆடு.

— இது வேற கதை, பெரியவரே. ரெண்டு பேரும் கேளுங்க. அரை மணி கழிச்சு ரெண்டு பேரையும் கேப்பேன்.

— அவளை எதுக்கு? அவளை விடு. எனக்குத்தானே மறதி.

— ஏன், அவங்களும் கேட்டா என்ன?

— அவளுக்கு வேலை இருக்கு. அடுப்புல சூப் வச்சிருக்கா.

— சூப் தானா கொதிக்கும் ஓயிவா. சொல்லு கண்ணு.

— சரி. சுலோன்னு ஒரு முடிவெட்டுறவர். அக்காவோட பிறந்தநாளுக்கு ஆப்பிள் கேக் செஞ்சு எடுத்துக்கிட்டுப் படகுல கிளம்புறார். நடு ஏரியில இன்ஜின் நின்னுபோச்சு. காத்திருந்து காத்திருந்து பசி எடுத்துப் பாதி கேக்கைத் தின்னுடறார். ரெண்டு மீன்காரங்க வந்து கயிறு கட்டி இழுத்துட்டுப் போறாங்க. நன்றிக்கு மீதிக் கேக்கை அவங்களுக்குக் குடுத்துடறார். அக்கா வீட்டுக் கதவைத் தட்டும்போது கையில வெறும் தட்டுதான். அவ்வளவுதான் கதை.

— பாவம் அந்த அக்கா.

— அக்காவை விடு ஹெல்வி. இன்ஜினைப் பாக்காமப் படகை எடுத்திருக்கான் பாரு, அவனைச் சொல்லணும். ஏம்மா யோன்னா, நீ ஏன் இந்தப் படிப்புக்குப் போனே? கடையில இருந்தா வெதுவெதுன்னு இருந்திருக்கும்.

— கடைதான் காரணம், பெரியவரே. ஒருத்தர் வாராவாரம் வருவார். இருமல் மருந்து கேப்பார். அவர் இருமி நான் பாத்ததே இல்ல. இன்னொருத்தவங்க மாத்திரைச் சீட்டை நீட்டி, இது எதுக்குன்னு கேப்பாங்க, நான் பதில் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டுட்டு, அடுத்த வாரம் அதையே கேப்பாங்க. அவங்களுக்கு வேண்டியது மாத்திரை இல்லேன்னு எனக்குத் தெரியும். என்ன வேணும்னு தெரியாது. அதைப் படிக்க முடியுமான்னு பாத்தேன். முடியும்னு சொன்னாங்க. வகுப்புல மத்தவங்க எல்லாம் என் பொண்ணு வயசு. முதல் வருஷம் புள்ளியியல்ல ரெண்டு தடவை கோட்டை விட்டேன்.

— அப்புறம்?

— மூணாவது தடவை தேறினேன். அன்னிக்கு சமையலறையில தனியா ஆடினேன். என் வாழ்க்கையில நானா ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான் ஹெல்வியம்மா. பள்ளிக்கூடம் முடிச்சதும் மருந்துக்கடைக்குப் போன்னு அப்பா சொன்னார், போனேன். கல்யாணம் பண்ணலாம்னு அவன் சொன்னான், பண்ணிக்கிட்டேன். போறேன்னு சொன்னான், சரின்னேன். இது மட்டும்தான் நானாப் போய்க் கதவைத் தட்டினது.

— அதைப் போய் நாங்க கெடுத்துட்டோம்.

— யாரு எதைக் கெடுத்தா? எனக்கு ஒண்ணும் புரியலையே ஹெல்வி.

— உனக்குப் புரிய வேணாம். நீ சூப்பைக் குடி. ரெண்டு கையாலயும் பிடி, சிந்தாம.

— நல்லா இருக்கு சூப். உப்பு யார் போட்டா, நானா?

— நீ போட்டிருந்தா குடிக்க முடியுமா? யோன்னா, உனக்கும் ஊத்தவா? காப்பியைத்தான் வேணாம்னே.

— குடுங்க. பசிக்குது. கோவத்துல காலையிலயும் சாப்பிடலை.

— பாரேன். அப்பவே சொன்னேன்.

— எங்க ஹெல்வி வைக்கிற சூப்புக்காகவே பிஎச்டி பண்ணலாம் நீ.

— பிஎச்டிதான் போயிடும் போலருக்கே. சரி, அரை மணி ஆயிடுச்சு. பெரியவரே, நான் சொன்ன கதையை இப்போ சொல்லுங்க பாக்கலாம்.

— கதையா? ஏதோ படகு வரும். ஒரு பாதிரியார்... மீன் வாங்கப் போறார். புயல் அடிக்குது. அப்புறம் ஒரு நாய்... என்னத்தச் சொல்ல, போயிடுச்சும்மா.

— பரவாயில்ல. இப்போ நீங்க, ஹெல்வியம்மா.

— அவளை விடுன்னு சொன்னேனே.

— இரு ஓயிவா, சொல்றேன். பென்ட்டின்னு ஒரு தபால்காரர். பனிக்காத்துல வண்டி ஓட்டிட்டுப் போறார். நடு ரோட்டுல ஒரு ஆடு... நொண்டி ஆடு...

— ஹெல்வியம்மா, இப்போ சொன்ன கதை.

— இதுதானே? தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு ஒவ்வொரு பண்ணை வீடா நின்னு... என்ன ரெண்டு பேரும் இப்படிப் பாக்கிறீங்க?

— ஒண்ணுமில்ல ஹெல்வி. யோன்னாவைக் கிண்டல் பண்றியா நீ? நல்லாப் பண்ணினே. சூப் ஆச்சு, வாய்க்கு இனிப்பா ஏதாவது வேணுமே. நிலவறையில மஞ்சள் பெர்ரி ஜாம் இருக்கே, கொண்டு வாயேன். நான் போனா ஊறுகாயைத் தூக்கிட்டு வருவேன்.

— அதுவும் சரிதான். இருங்க, வர்றேன்.

— பாத்து இறங்கு. மூணாவது படி ஆடுது... போயிட்டாளா?

— போயிட்டாங்க. பெரியவரே, அவங்க...

— சுலோன்னு ஒரு முடிவெட்டுறவர். அக்கா பிறந்தநாள். ஆப்பிள் கேக். நடு ஏரியில இன்ஜின் நின்னுபோச்சு, பாதியை இவரே தின்னாச்சு. ரெண்டு மீன்காரங்க இழுத்துட்டு வந்தாங்க, மீதி அவங்களுக்கு. அக்கா வாசல்ல வெறும் தட்டு. ஏதாவது விட்டேனா?

— ஒண்ணும் விடலை.

— எனக்கு மறதி இல்லம்மா. மறதி அவளுக்கு. போன வருஷம் இலை உதிர ஆரம்பிச்சப்போ, பாட்டுப் பயிற்சி முடிஞ்சு வீட்டுக்கு வரலை. இருட்டுறதுக்குள்ள தேடிப் போனேன். சர்ச்சுக்குப் பின்னாடி முச்சந்தியில நிக்கிறா. கல்யாணம் ஆனதுலேர்ந்து நடந்த பாதை. எந்தப் பக்கம்னு தெரியலை ஓயிவான்னா. அவ பயந்து நான் பாத்ததில்ல. அன்னிக்குப் பாத்தேன். ராத்திரி பூரா என் கையை விடலை.

— அதனால நீங்க உப்பை...

— என்ன பண்றதுன்னு தெரியலை. மறுநாள் காலையில காப்பியில வேணும்னே உப்பைப் போட்டேன். ஒரு வாய் குடிச்சா, துப்பினா, சிரிச்சா. ஐயோ உனக்கும் வந்துடுச்சா கிழவான்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் அவ தன்னைப் பத்திப் பயப்படவே இல்ல. என்னைப் பாத்துக்கிறதுக்கே அவளுக்கு நேரம் பத்தலை. அதான் தினம் ஒண்ணு மறந்துக்கிட்டு இருக்கேன். அது சுலபமில்லம்மா. நேத்து என்ன மறந்தேன்னு ஞாபகம் வச்சுக்கணும்.

— ஊருக்குத் தெரியுமா?

— எல்லாருக்கும் தெரியும். ஆட்டுக் கதையை உருப்போட்டது எனக்காகன்னு அவகிட்ட சொல்லி வச்சோம். நிஜத்துல அவளுக்காக. அவ உன் முன்னாடி உக்காந்து தடுமாறக் கூடாதுன்னுதான்.

— பெரியவரே, நான் சொல்றதைக் கேட்டுக் கோவிச்சுக்காதீங்க. அவங்களை மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். நீங்க மறைக்கிறது அன்புன்னு எனக்குப் புரியுது. ஆனா அவங்களோட வியாதி அவங்களுக்குத் தெரியணும் இல்லையா? அவங்க சொத்து அது.

— தெரிஞ்சு? அந்த முச்சந்தியில மறுபடி போய் நிக்கணுமா?

— தனியா நிக்க மாட்டாங்க.

— என்னால சொல்ல முடியாதும்மா. வாய் வராது எனக்கு.

— நான் வேணா கூட இருக்கேன். இன்னிக்கே வேணாம். நீங்க மனசு வந்து கூப்பிடுங்க, வர்றேன்.

— திங்கக்கிழமை அங்க என்ன சொல்லுவே? எங்களை இழுப்பியா?

— கைஸ்லா எண்ணெல்லாம் கெட்டுப்போச்சுன்னு சொல்லுவேன். தப்பு என்னுதுதான், எதிர்பாக்கிறதை வாய்விட்டுச் சொன்னேன், ஊர்ல கதை பரவிடுச்சு. அவ்வளவுதான். யாருக்காகன்னு சொல்ல மாட்டேன்.

— உன் பட்டம்?

— தள்ளிப்போகும். பிஎச்டி போயிடும். வலிக்கத்தான் செய்யுது. ஆனா ஹெல்வியம்மாவைப் பத்தி எழுதினாத்தான் அதைச் சரிக்கட்ட முடியும், அதை நான் எழுத மாட்டேன்.

— எங்களை மன்னிச்சுடும்மா.

— போங்க பெரியவரே. போய் நெருப்பைப் பாருங்க, அணைஞ்சிடப் போவுது.

— போறேன். கண்ணைத் தொடைச்சுக்கோ, அவ படி ஏறுற சத்தம் கேக்குது.

— எங்க போறே ஓயிவா? ஜாம் கொண்டு வந்தேனே.

— விறகு போட்டேனா இல்லையான்னு மறந்துபோச்சு ஹெல்வி. பாத்துட்டு வர்றேன்.

— போ, போ. வழுக்கப் போவுது, மெதுவா... உக்காரு யோன்னா. இந்தா, ஜாமைத் தடவிக்கோ. ஏன் எழுந்திருக்கிறே?

— ஒண்ணுமில்ல ஹெல்வியம்மா. கிளம்பலாம்னு பாக்கிறேன். கைஸ்லாவை ஆய்வுலேர்ந்து எடுத்துடறேன். யாருக்காகங்கிற காரணம் எதுவும் எழுத மாட்டேன். கவலைப்படாதீங்க.

— காரணம் எழுதாம உன்னைச் சும்மா விட்டுடுவாங்களா?

— விட மாட்டாங்கதான். பாத்துக்கலாம்.

— நிலவறைக்கு ஒரு சின்ன சன்னல் இருக்கு கண்ணு. இந்த மேசையோரச் சன்னலுக்கு நேரா கீழே.

— ஹெல்வியம்மா...

— கேக்குக் கதை நல்லா இருந்துச்சு. அங்க நின்னு அவன் சொன்னப்போதான் முதல் தடவையாக் கேட்ட மாதிரி இருந்துச்சு. நீ சொன்னியாமே, எனக்கு ஞாபகமே இல்ல. அது நிஜம். ஆட்டுக் கதை தானா வாயில வந்துடுச்சு. உங்க மூஞ்சைப் பாத்ததும்தான் தப்புன்னு தெரிஞ்சுது. அதான் ஜாம் எடுக்கப் போனேன்.

— அப்போ உங்களுக்கு...

— ஞாபக மருத்துவர்கிட்ட போயிட்டு வந்துட்டேன். பனி இருக்கும்போதே, கெர்த்துவோட. பாட்டுக் குழுவுக்குச் சட்டைத் துணி எடுக்கப் போறோம்னு இவன்கிட்ட சொன்னேன். மாத்திரை குடுத்திருக்காங்க. மாவு டப்பாவுக்குப் பின்னாடி வச்சிருக்கேன், தினம் சாப்பிடறேன். அந்த முச்சந்தியில பயந்தேன், உண்மைதான். வீட்டுக்கு வந்து பாத்தா என்னைவிட அவன்தான் அதிகமாப் பயந்துபோயிருந்தான். மறுநாள் உப்புக் காப்பியை நீட்டினான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்குக் காலைக் காப்பி போடறவன், கையில உப்பு டப்பாவை எடுத்துட்டு அது தெரியாமயா போடுவான்? குல்லாயை உள்ளே வெளியேன்னு திருப்பிப் போட்டுட்டு ஓரக்கண்ணால என்னைப் பாப்பான், பாத்தேனான்னு. அவனுக்கு அது ஒரு பிடிப்பா இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.

— இதை நான் யார்கிட்டயும் பேச மாட்டேன் ஹெல்வியம்மா.

— பேச வேணாம், எழுது. உங்க பேராசிரியைகிட்ட நேராச் சொல்லு. பாடினா ஞாபகம் நிக்குமான்னு தெரியாது, எனக்கு நிக்கலை. ஆனா ஒருத்தருக்கு ஞாபகம் போகும்போது, அவங்களோட சேர்ந்து பாடினவங்க என்ன பண்ணுவாங்கன்னு நான் பாத்துட்டேன்னு சொல்லு. அதுக்குப் பட்டம் குடுக்கிறாங்களா இல்லையான்னு பாக்கலாம். என் பேரையும் போட்டுக்கோ, சம்மதம். எனக்கு இன்னிக்குத் தெளிவா இருக்கு, இன்னிக்கே எழுதி வாங்கிக்கோ.

— எல்லாத்தையும் எழுதவா? முச்சந்தி, மாத்திரை, உப்பு?

— எல்லாத்தையும் எழுது கண்ணு. அவனுக்கு நடிக்கவே வரலைங்கிறதை மட்டும் எழுதிடாதே.